ஜெயாவுக்கு, ஹார்லெமிலிருந்து

ஏட்டி ஜெயா,

ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேத்தி பிறந்த சேதி அம்மா சொல்லித்தான் தெரியும். சட்டை பின்னி வைத்திருக்கிறேன், தம்பி ஊருக்கு வரும்போது கொண்டுவருவான். என் முழங்கால் பரவாயில்லை. குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தரமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நெதர்லாந்தில் ஓர் ஆன்மிகப் பள்ளியில் மாணவியாகச் சேரப்போகிறேன். லெக்டோரியம் ரோசிக்ரூசியானம் என்று பெயர். நம் மொழியில் பொன் ரோஜாச் சிலுவைப் பள்ளி என்று வைத்துக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே "ஃப்ரீமேசனா?" என்று கத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்த ரகசியச் சங்கம், ஃப்ரீமேசன், இது இல்லை. முழுக்கப் படித்துவிட்டுச் சண்டை போடு.

ஹார்லெம் என்றால் உனக்குக் கோரி டென் பூம் ஊர், போரில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அந்த அம்மாள். தாயம்மா டீச்சர் அந்தக் கடிகாரக்கடை வீட்டுக் கதையைச் சொல்லி நம் வரிசை முழுக்க அழுததே! அந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பாக்கெனெசர் என்ற வாய்க்கால். அதன் கரையில்தான் இவர்களுடைய இடம். 1940இல் ஜெர்மன்காரன் வந்ததும் இவர்களையும் தடைசெய்து சொத்தைப் பறித்துக்கொண்டான். டீச்சர் சொல்லாத கதை இது.

தொடங்கியவர்கள் இந்த ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேர், லீனே சகோதரர்கள். நம்மைப் போல சபைக்குள் வளர்ந்தவர்கள்தான். அங்கே கிடைத்தது போதாமல் தேடினார்கள். மாக்ஸ் ஹைண்டல் என்று டென்மார்க்கில் பிறந்த ஒருவர் அமெரிக்காவில் 1909இல் தொடங்கிய ரோசிக்ரூசியன் சங்கத்தின் டச்சுக் கிளையில் 1924இல் சேர்ந்தார்கள். 1930இல் ஹென்னி ஸ்டோக்-ஹைசர் என்ற பெண் அவர்களோடு வந்தார். 1935இல் அந்த அமெரிக்கச் சங்கத்தை விட்டுப் பிரிந்தார்கள். 1938இல் அண்ணன் இறந்துவிட்டார். போர் முடிந்ததும் தம்பியும் அந்தப் பெண்ணும் இப்போதைய பெயரில் எல்லாவற்றையும் மறுபடி எழுப்பினார்கள். தம்பி யான் வான் ரைக்கன்போர்க் என்ற பெயரில் எழுதினார், அந்த அம்மாள் கத்தரோஸ் டி பெத்ரி என்ற பெயரில்.

ரோஜாவும் சிலுவையும் வந்தது இன்னும் பழைய இடத்திலிருந்து. 1614இல் ஜெர்மனியில் காஸல் நகரில் ஆசிரியர் பெயரில்லாமல் ஒரு சிறு நூல் அச்சானது. அதில் வரும் கதை இது: கிறிஸ்தியான் ரோசன்க்ரோய்ட்ஸ் (பெயருக்கே ரோஜாச் சிலுவை என்றுதான் அர்த்தம்) என்பவரின் கல்லறை மறைந்து கிடக்கிறது. கதவில் '120 ஆண்டுக்குப் பின் திறப்பேன்' என்று எழுதியிருக்கிறது. திறந்தால் உடல் அழியாமல் இருக்கிறது. ஜெயா, அப்படி ஒரு மனிதர் வாழ்ந்தார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதவை நான் எனக்குள் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு வருஷமாக மூடிக் கிடக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. இவர்கள் அதை இருதயத்தின் ரோஜா என்கிறார்கள். அது மலரவேண்டுமானால் 'நான், நான்' என்கிறது ஒதுங்கவேண்டும். சபையில் முழு உறுப்பினராகத் திடப்படுத்தல் வாங்கியபோது நாம் மனப்பாடம் செய்த வேத வசனம்தானே, 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்'! நாற்பது வருஷம் கழித்து இங்கே வந்துதான் அதன் பாரம் புரிந்தது.

நீ எங்கே மறிப்பாய் என்று தெரியும். எனக்காகச் சிலுவையில் ஒருவர் செய்து முடித்தார் என்றுதான் நம் சபை சொல்கிறது. இவர்கள் அந்தச் சிலுவையும் உயிர்ப்பும் ஒவ்வொருவருக்குள்ளும் நடந்தாகவேண்டும் என்கிறார்கள். சிறிய வித்தியாசம் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இரண்டு வருஷம் இதிலேயே தூக்கம் கெட்டது. விசுவாசத்தை விட்டுவிட்டேனா, இல்லை இப்போதுதான் பிடிக்கிறேனா? அப்பா போன ராத்திரி ஜெபிக்க வாயெடுத்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை அதை. அப்புறம் எட்டு மாசம் வெறும் உதடுதான் ஜெபித்தது.

அந்தச் சமயத்தில்தான் முதல் தடவை அங்கே போய் உட்கார்ந்தேன். சாதாரண நாற்காலிகள். ஒருவர் வாசித்தார், கொஞ்சம் இசை, அப்புறம் மௌனம். பக்கத்தில் ஒரு தாத்தா, மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு வாடையோடு. வெளியே வாய்க்காலில் ஒரு படகு டுக்குடுக்கென்று போய் அடங்கியது. யாரும் சாட்சி சொல்லச் சொல்லவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை. அந்த அமைதியில் அப்பாவை நினைத்து நிம்மதியாக அழுதேன். தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

அவசரப்படுத்தவும் இல்லை. முதலில் பொதுப் பேச்சுகள், பிறகு அறிமுகப் பாடங்கள், பிறகு உறுப்பினர், அப்புறம்தான் மாணவர். மாணவரானால் கறி மீன் கிடையாது, மது புகையிலை கிடையாது. மற்றது எனக்குச் சுலபம். நம் கோயில் அசன விருந்துதான் கஷ்டம்! அண்டாவைத் திறந்ததும் வருமே அந்த ஆட்டுக்கறி ஆவி, நீ இலையில் எனக்கென்று ஒதுக்கித் தரும் நல்லி. அடுத்த தடவை அதை உன் பேத்திக்கு ஊட்டு. எனக்குச் சோறும் ரசமும் போதும்.

பயமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஊருக்கு வரும்போது நம் ஊசிக்கோபுரக் கோயிலில் திருவிருந்துக்கு உன் பக்கத்தில் முழங்கால் போடுவேனா, இல்லை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனா? மனசு முழங்கால் போடு என்கிறது. உன் மனசு என்ன சொல்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்கமாட்டேன். அதற்காவது பதில் எழுது.

அம்மாவிடம் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனில் நானே சொல்லப்போகிறேன். நீ அந்த நேரம் வீட்டுக்குப் போய் அவர்கள் பக்கத்தில் இரு. பெரியக்காவைக் கூட்டிக்கொண்டு போகாதே, சத்தம் போடுவாள். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து பதினொரு மணிக்கு. அதைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு.

உன்
எஸ்தர்