சர்க்கரைத் தீவிலிருந்து சேதுவுக்கு

அன்புள்ள சேது,

இங்கே நலம். உன் சர்க்கரை அளவு குறைந்ததா என்று கேட்க மாட்டேன். கேட்டால் பொய்தான் சொல்வாய்.

பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸில் பாப்பா வேலை செய்யும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனை நாள் நெல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? மாப்பிள்ளை டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நானும் இவளும் பானாய் தீவில் இருக்கிற இலோய்லோவுக்குப் போய், அங்கிருந்து படகில் நீக்ரோஸ் தீவுக்கு வந்தோம். கடல், பழைய சர்ச்சுகள், மாம்பழம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பக்கோலோட் நகரத்தைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு! இந்த நாட்டுச் சர்க்கரையில் பாதிக்கு மேல் இந்த ஒரு தீவிலிருந்துதான் வருகிறதாம். நம் சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இனிக் கரும்பு முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று நான் போட்ட சபதம் உனக்கு நினைவிருக்கும். மொலாசஸ், அதுதான் அந்தக் கழிவுப்பாகு, அதன் நாற்றம் மூக்கில் ஏறியதும் இவள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இலோய்லோ பக்கம் மியாகாவ் என்று சின்ன ஊர். அங்கே 1797இல் கட்டி முடித்த ஒரு சர்ச் இருக்கிறது, இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் முகப்பில் புனித கிறிஸ்டோபர் குழந்தை ஏசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு தென்னை மரத்தைப் பிடித்தபடி நிற்கிறார். பக்கத்தில் பப்பாளி, கொய்யா எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். ஸ்பானியப் பாதிரி சொன்ன கதையை உள்ளூர்ச் சிற்பி தன் கொல்லைப்புறத்திலேயே நடத்திவிட்டான். நம் வாத்தியார் பார்த்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்.

அதே இலோய்லோவில் ஆற்றோரத் துறைமுகத்துக்கு ஒரு வெள்ளைக்காரன் பெயர். நிக்கலஸ் லோனி, 1856இல் பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்தவன். அதற்கு முன் அந்த ஊர் நெசவுக்குப் பேர்போனது. அன்னாசி நாரில்கூடத் துணி நெய்தார்கள். லோனி மான்செஸ்டர் துணியை மலிவாக இறக்கினான். வெறும் கப்பல் திரும்பக் கூடாதே என்று, இரும்பு ஆலைகளைக் கடனுக்குக் கொடுத்துக் கரும்பு போட வைத்து, சர்க்கரையை ஏற்றி அனுப்பினான். தறி நின்றது. பணம் இருந்த குடும்பங்கள் கடலைத் தாண்டி நீக்ரோஸில் நிலம் பிடித்தன. அவனுக்கு அங்கே சிலையும் இருக்கிறது. உன் மாமனாரிடம் சொல்லாதே, நாலு நாள் சாப்பிட மாட்டார்.

நீக்ரோஸில் சிலாய் என்ற ஊரில் தங்கினோம். தெருத்தெருவாகச் சர்க்கரைப் பணத்தில் கட்டிய மர வீடுகள். பலாய் நெக்ரென்ஸே என்பது பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மகன் விக்டர் காஸ்டன் கட்டிய வீடு, இப்போது மியூசியம். பலகை ஒவ்வொன்றும் நம் கான்டீன் மேஜை அகலம். அந்தத் தெருவின் பெயர் நவம்பர் 5. 1898இல் அன்றைக்குத்தான் இந்த ஊர்க்காரர்கள் ஸ்பானியர்களுக்கு எதிராகக் கிளம்பினார்கள். துப்பாக்கி கிடையாது. தென்னை, பனை மட்டைகளைத் துப்பாக்கி மாதிரி செதுக்கி, மூங்கில் பாயைச் சுருட்டிக் கறுப்புப் பூசிப் பீரங்கி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே ஸ்பானியர்கள் சரணடைந்துவிட்டார்கள்! தணிக்கை வந்த அன்று நம் மொலாசஸ் காலி டாங்கிக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நின்றது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

சிரித்துவிட்டேனே தவிர, வீடு வீடாகப் போகப் போக ஒரு எரிச்சல் ஏறியது. எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு: இந்தப் பியானோ ஐரோப்பாவிலிருந்து வந்தது, இது அம்மணியின் கட்டில். தாலிசாயில் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கைக்குப் போகக் கூடாதென்று கொரில்லாக்கள் கொளுத்திய மாளிகையின் கூடு நிற்கிறது. இறந்துபோன மனைவிக்காகக் கட்டியதாம். சாயங்கால வெளிச்சத்தில் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், இவளும் எடுத்தாள். கரும்பு வெட்டியவன் ஒருவனின் படம் எங்கேயாவது மாட்டியிருக்கிறதா என்று தேடினேன். கண்ணில் படவில்லை.

வெட்டு ஆட்கள் இங்கேயும் வெளியிலிருந்து, பானாய் தீவின் ஆன்டிக் மாகாணத்திலிருந்து, வந்தவர்கள்தான். மேஸ்திரி முன்பணம் கொடுப்பான், பருவம் முழுக்க அதைக் கழிப்பார்கள். கதை தெரிந்ததுதானே? ஆலை நிற்கும் மாதங்களில் கூலி இல்லை, கடன்தான். 1974இல் உலகச் சந்தையில் சர்க்கரை ராத்தலுக்கு 60 சென்ட்டுக்கு மேல் போனது. 1985இல் மூன்று சென்ட் அளவுக்கு விழுந்தது. விற்பனை முழுக்க அன்றைய அதிபர் மார்க்கோஸுக்கு வேண்டியவர்களின் பிடியில். தோட்டக்காரர்கள் பயிர் போடுவதை நிறுத்தினார்கள். இவ்வளவு நல்ல மண்ணில் குழந்தைகள் பட்டினியால் செத்தன, சேது. நெல்லோ மரவள்ளியோ போட்டுக்கொள்ள அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடையாது. அந்தச் செப்டம்பரில் எஸ்கலான்டே ஊரில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள், 20 பேர் இறந்தார்கள்.

அப்புறம் விக்டோரியாஸ் போனோம். சர்க்கரை ஆலை வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்ச், உழைப்பாளியான சூசையப்பர் பெயரில். உள்ளே பீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கிறிஸ்து. சாந்தமானவர் இல்லை. கண்ணை உருட்டிக் கையை விரித்து, நெஞ்சு எரிய, தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருக்கிறார். சிவப்பும் நீலமும் நம் எல்லைச்சாமி கோயில் மாதிரி அடிக்கிறது. கோபக்காரக் கிறிஸ்து என்றே பெயர். வரைந்தது யார் தெரியுமா? அல்போன்ஸோ ஒஸ்ஸோரியோ, ஆலையை நிறுவியவரின் சொந்த மகன்! அமெரிக்காவில் இருந்தவன், 1950இல் வந்து வரைந்திருக்கிறான். என்ன நினைத்து வரைந்தானோ. ஆனால் ஷிப்டு முடிந்து வந்து முட்டிபோடும் கூலிக்காரன் தலைக்கு மேல், தன் அப்பாவின் ஆலைக்குள், இப்படி ஒரு சாமியை வைக்கத் துணிச்சல் வேண்டும். அங்கே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இவள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆலையின் பொன்விழா மலருக்கு 'மறக்க முடியாத அனுபவங்கள்' என்று கட்டுரை கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பொருளடக்கத்தைப் பார்த்தேன். தலைவர் படம், முன்னாள் தலைவர்கள் படம், ரெகவரி (கரும்பிலிருந்து கிடைத்த சர்க்கரை விகிதம்) சாதனைகள், கோயில் திருப்பணி. சரி, போடு. வெட்டு ஆட்கள் எங்கே? பருவத்துக்குப் பருவம் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து வயலோரம் கொட்டகை போட்டுக் கிடந்தார்களே, தோகை கிழித்த கையோடு வண்டி ஏற்றினார்களே, அவர்கள் இல்லாமல் ஒரு மணி நேரம் அரவை ஓடியிருக்குமா? விவசாயிகளுக்கு நிலுவை வைத்த அந்த இரண்டு பருவத்தையும் விட்டிருக்கிறாய். நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது என்பாய். தெரியும். நாம் இரண்டு பேரும் அந்த நிர்வாகத்தில் சம்பளம் வாங்கினவர்கள்தானே, வெளியே வந்த பிறகும் என்ன பயம்?

நான் எழுதுகிறேன். ஆனால் வெட்டு ஆட்களைப் பற்றித்தான். கிழக்கு யார்டு மேஸ்திரி இன்னும் இருக்கிறாரா? அவர் வீட்டு விலாசத்தைக் கேட்டு அனுப்பு. அவரோடு வந்தவர்களில் யாராவது பேசச் சம்மதித்தால் பெயர், ஊர், எந்தெந்தப் பருவம் வந்தார்கள் என்று நீயே குறித்து வை, நான் திரும்பி வந்ததும் நேரில் போகலாம். எடிட்டர் வெட்டுவார் என்றால் கட்டுரையே வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடு.

சிலாயில் சக்கையை எரித்து ஓட்டிய பழைய நீராவி எஞ்சின்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், நீ வயிறெரிவதற்காக. நாட்டுச் சர்க்கரையை உள்ளே வைத்துச் சுடுகிற பியாயா ரொட்டி இரண்டு பாக்கெட் வாங்கியிருக்கிறேன். உனக்கில்லை, தங்கச்சிக்கு.

உன்
நாகு