ஏழெட்டு தெரிகிறது, வகுத்தல் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்தி எட்டாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று சொன்ன அடுத்த நிமிடமே 56-ஐ 8 ஆல் வகுக்கச் சொன்னால், நோட்டில் 56 கோடு போட்டு எட்டெட்டாகச் சுழிக்கிறாள். குறை அவளுடையதல்ல. பெருக்கல் ஒரு பாடம், வகுத்தல் சில வாரம் கழித்து வேறொரு பாடம் என்று நடத்தினால், இரண்டும் ஒரே கணக்கு என்று அவளுக்கு யார் சொல்வது?

வீட்டில் புளியங்கொட்டைகளை வரிசைக்கு 6 என்று 4 வரிசையாகப் பரப்பினேன். 'நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை? ஆளுக்கு ஆறு கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும்?' ஒரு கொட்டையைக்கூட நகர்த்தாமல் இரண்டுக்கும் விடை சொன்னாள். பிறகு அவளே, 'அஞ்சை பூஜ்யத்தால வகுத்தா?' என்றாள். பூஜ்யத்தை எதனால் பெருக்கினால் 5 வரும் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். (பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதை எனக்குப் பள்ளியில் 'விதி' என்று மட்டும்தான் சொன்னார்கள்.)

கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை வீடுவீடாகச் சென்று பார்க்கும் 'அசர்' (ASER) ஆய்வில் அவர்களின் கணக்குத் திறனைச் சோதிக்கும் கடைசிப் படி, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பதுதான். அங்கே தடுமாறுகிறவர்களில் பலர் வாய்ப்பாடு அறிந்தவர்களாகவே இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வாய்ப்பாட்டுப் புத்தகம் அச்சிடுவோர், 7 × 8 = 56 என்ற வரிக்குப் பக்கத்திலேயே 56 ÷ 8 = 7, 56 ÷ 7 = 8 என்றும் போடலாமே. கூடுதலாகச் சில பக்கங்கள்தான் ஆகும்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்.