துரு நீக்க ஆசிட்டும் கிரீஸ் கழுவப் பெட்ரோலும் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன்பாகத் தையல் மெஷின், சைக்கிள், தண்ணீர் மோட்டார் போன்றவற்றை வீட்டிலேயே பழுது பார்ப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் ஒரு குறிப்பு வந்திருந்தது. கிரீஸ் பிடித்த பாகங்களைப் பெட்ரோலில் கழுவலாம் என்றும், துரு ஏறியவற்றை ஆசிட்டில் ஊறவைக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. 31 ஆண்டுகள் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பழைய தையல் மெஷின்களைச் சரிசெய்து வருபவன் நான். அந்த இரண்டு யோசனைகளையும் வாசகர்கள் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. வெள்ளம் வடிந்ததும், தையலை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் தங்கள் மெஷின்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். சக்கரம் அசையவில்லை, அடிநூல் கண்டு உட்காரும் ஷட்டில் இருக்கும் இடத்தில் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. பொங்கலுக்குள் துணி தைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் பட்ட அவசரத்தைப் பார்த்து, நானும் நிதானம் தவறினேன். ஹார்டுவேர் கடை ஒன்றில் ஆசிட் கேட்டேன். பெயர், முகவரி எதுவும் கேட்காமல், லேபிள் இல்லாத குடிநீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். துருப்பிடித்த பாகங்களை அதில் போட்டு, கொட்டகையைப் பூட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் திறந்து பார்த்தபோது, தொட்டியில் கிடந்த பாகங்களில் துரு இல்லை. ஆனால் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அரங்களிலும், டிரில் பிட்டுகளிலும், 20 ஆண்டுகளாக எண்ணெய் துடைத்துப் பாதுகாத்த வெர்னியர் என்னும் அளவுக் கருவியிலும் செம்பொடி தூவியதுபோல் புதுத்துரு படர்ந்திருந்தது. நான் வாங்கி வந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி அடைத்த அறைக்குள் பரவி, கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் அரித்துவிடும் என்பது தெரிந்திருந்தும் செய்த தவறு அது. அதோடு முடியவில்லை. நூலை இழுத்துப் பிடிக்கும் சிறிய ஸ்பிரிங் ஒன்று, மாட்டிக் கொடுத்த மூன்றாம் நாள் இரண்டாக முறிந்தது. அமிலம் இரும்போடு சேரும்போது உண்டாகும் ஹைட்ரஜன், கடினப்படுத்திய எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகப் பளபளக்கும். அதனால்தான் ஸ்பிரிங், ஊசி, பிளேடு போன்றவற்றை எந்த அமிலத்திலும் நான் இப்போது போடுவதில்லை. மண்ணெண்ணெயில் நனைத்து, மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்ப்பதோடு சரி.

பெட்ரோல் விஷயம் இதைவிடப் பெரிது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கொல்லையிலிருந்து அடுப்படி வரைக்கும் போய்ச் சேரும். அங்கே ஒரு கேஸ் அடுப்போ, தண்ணீர் மோட்டாரின் சுவிட்சில் வரும் சிறு பொறியோ போதும். கிரீஸ் கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதுமானது. அவற்றையும் நமது ஊர் வெயிலில் வைத்துக் கையாளக் கூடாது; மண்ணெண்ணெய்கூடச் சுமார் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் பற்றக்கூடிய ஆவியைத் தரும். ஆகவே, நிழலில், காற்றோட்டமான இடத்தில், அகன்ற தகரத் தட்டில் கொஞ்சமாக ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பதே முறை. எங்கள் பக்கத்தில் பலர் தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது நாளடைவில் பழுப்பு நிறப் பிசினாக இறுகி, துருவைவிடக் கெட்டியாக மெஷினைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட பாகத்தை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டு, பின் சலவை சோடா கரைத்த வெந்நீரில் கழுவினால் விட்டுவிடும். அலுமினியப் பாகங்களுக்கு மட்டும் சோடா ஆகாது. அது அலுமினியத்தையே அரித்துக் கறுப்பாக்கும்.

கிரீஸ் போன பிறகுதான் துருவில் கை வைக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் எந்தக் கரைசலும் இறங்காது என்பதால், வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள் துரு போகவில்லை என்று மேலும் மேலும் வீரியமான ஆசிட்டைத் தேடிப் போகிறார்கள். உண்மையில் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, பாகங்கள் முழுவதும் மூழ்கும்படி பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்தில் துரு நெகிழ்ந்து, அடியில் கருஞ்சாம்பல் நிறப் படலம் தெரியும். பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தால் அது வந்துவிடும். நமது பாட்டிமார் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததும் இதே வேலைதான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம்.

வெளியே எடுத்ததும் செய்ய வேண்டியதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சலவை சோடா ஒரு கரண்டி கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறிக்க வேண்டும். பிறகு வெந்நீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, சூடு ஆறுவதற்குள் மெஷின் ஆயில் தடவ வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் சுத்தமான இரும்பு சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூக்கும் என்பதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கொண்டு துரு எடுப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. அதன் மீதத்தை பிளீச்சிங் பவுடர் போட்ட சாக்கடையில் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அழுக்கான மண்ணெண்ணெயையும் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. பாட்டிலில் நிற்க வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடியும் பயன்படுத்தலாம். மண்டியை, பழைய ஆயில் சேகரித்து வைக்கும் வாகனப் பட்டறை எதிலாவது கொடுத்துவிடலாம்.

ஆசிட் விற்கிறவர்கள் வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்த்து, பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்றும் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று குடிநீர் பாட்டிலில் நான் வாங்கி வந்த ஆசிட்டை, விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் தாகத்துக்குக் கையில் எடுத்துவிட்டான். மூடியைத் திறப்பதற்குள் என் மருமகள் பார்த்துத் தட்டிவிட்டாள். அந்த உத்தரவு கடைகளில் நடைமுறையில் இருக்கிறதா என்பதை மாவட்ட நிர்வாகம் நேரில் பார்க்க வேண்டும். சென்ற வாரக் குறிப்புக்கு ஒரு திருத்தத்தை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாக, அதே இடத்தில் தாங்கள் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர்,
தூத்துக்குடி.