சத்தம் போடாத பிள்ளைகளையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவு வரும் வாரத்தில் மட்டும் மாணவர்களின் மனநலத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. அதன்பின் அடுத்த ஆண்டுதான். ஒரு பிள்ளை மனம் உடைவதற்கு மதிப்பெண் பெரும்பாலும் கடைசியாக வந்து சேரும் காரணம்தான். அதற்கு முன்பே பல மாதங்களாக, தன்னை வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை என்ற நினைப்பு அந்தப் பிள்ளைக்குள் ஊறிப்போயிருக்கும்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். யார் அந்த மூவர் என்று கேட்டால், சண்டை போடுகிறவன் பெயரும் பெஞ்சை உடைத்தவன் பெயரும்தான் முதலில் வரும். தம்பியைக் குளிப்பாட்டி, சோறு பொங்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்து, முதல் பாடவேளையிலேயே கண் அயரும் பெண்ணின் பெயர் வராது. அவளுக்குக் கிடைப்பது ‘பொறுப்பான பொண்ணு’ என்ற பாராட்டு.

திருப்பூரில் பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். வேலைக்குப் போவதையே புறக்கணிப்பு என்று சொல்வது அநியாயம். அதிலும் அம்மாவை மட்டும் குற்றவாளியாக்குவது இன்னும் அநியாயம். நாளெல்லாம் வீட்டில் இருந்தும் பிள்ளையிடம் மதிப்பெண் தவிர வேறெதுவும் கேட்காத பெற்றோரும் உண்டு. பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் மூன்று பேரின் பெயர், நேற்று மதியம் அவன் சாப்பிட்டானா, எத்தனை மணிக்குத் தூங்கினான்: இந்த மூன்றுக்கும் வீட்டில் ஒருவராவது பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தாத்தா, பாட்டி, சித்தி யாராக இருந்தாலும் சரி.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. எரிச்சலாக, எதிர்த்துப் பேசுவதாக வரும். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்வது, ரேங்க் கார்டில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது, பிடித்த விளையாட்டை விடுவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது (கையில் தானே கீறிக்கொண்ட காயத்தை மறைப்பதாக இருக்கலாம்) ஆகியவை கவனிக்க வேண்டியவை. இப்படிச் சில சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். “நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் ஆகாது” என்று சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

பள்ளிகள் தவறுவது பெற்றோரை வரவழைக்கும் விதத்தில். அரைநாள் கூலியை விட்டு வந்தவரைப் பிள்ளையின் எதிரிலேயே திட்டி அனுப்பினால், அன்று இரவு வீட்டில் அடி விழும். அந்தப் பிள்ளை இனி எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்காது. முதலில் பிள்ளையிடம் தனியே பேசுங்கள். பெற்றோரிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு பெற்றோரிடமும் தனியாகப் பேசுங்கள். அவர்களிலேயே ஒருவருக்கு மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருக்கலாம். அதற்கு சிகிச்சை கிடைக்காமல் பிள்ளைக்கு மட்டும் ஆலோசனை சொல்லிப் பயனில்லை.

வீட்டில் தவறுவது அவசரத்தில். பிள்ளைக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று ஆலோசகர் சொன்னதும் கைபேசியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே துணையும் போய்விடுகிறது. இல்லையென்றால் குற்ற உணர்ச்சியில் வண்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் போதும். ஷிப்ட் இருந்தால் டீ இடைவேளையில் ஐந்து நிமிடம் போன். “நல்லா படிச்சியா?” என்று கேட்காமல் “மத்தியானம் யாரோட சாப்பிட்ட?” என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் “ம்”, “ஒண்ணுமில்ல” தவிர வேறு பதில் வராது. பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மறுபடியும் கைவிடப்பட்டதாகவே பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும்.

உதவிக்கு 14416 (அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ்) இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வேண்டுமென்றே புறக்கணிப்பவர்களுக்கு அதன் 75ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதும் உண்மை. ஆனால் கூலி வேலையில் சிக்கித் தவிக்கும் குடும்பத்தின் மீது அதை வீசுவது எங்களுக்கு உடன்பாடில்லை.

பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலை நேரத்தில் பார்த்துக்கொள்ளக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வேலைநாள் பிற்பகலில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றுமாறு கல்வித்துறையையும், பள்ளி அழைக்கும் நாளில் கூலியைப் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் அனுமதி தருமாறு பனியன் நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர்கள் சிலர்,
திருப்பூர்.