ஏழு விநாடி முந்தி ஓடும் தமிழ்: ப்ளூரே வெளியிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியீட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எந்தப் படம், எந்த டிஸ்க் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகம் அழிந்து, மழையும் நின்றுபோன பிறகு மிச்சமிருக்கும் நாலைந்து பேர் தண்ணீர் தேடிப் போகும் அந்தப் படம்தான். தமிழ் ஒலி படத்தோடு சேரவில்லை என்று தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் எங்களில் பலர் எழுதினோம். பிளேயரை அப்டேட் செய்து பாருங்கள் என்று பதில் வந்தது. விடாமல் கேட்ட பிறகு, சென்ற வாரம் மாற்று டிஸ்க் வந்தது. அதிலும் அதே கோளாறு, இம்மி பிசகாமல் அதே அளவில். அதனால்தான் நாலு பேர் பார்க்கும்படி இதை எழுத வேண்டியதாயிற்று.

நாங்கள் கேட்பது இதுதான்: தமிழ் ஒலித்தடத்தைச் சரிசெய்து, புதிதாக அச்சிட்ட டிஸ்க்கை, வாங்கிய எல்லோருக்கும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுங்கள்.

கோளாறு பிளேயரில் இல்லை. தருமபுரியில் இரண்டு, கிருஷ்ணகிரியில் ஒன்று, ஓசூரில் ஒன்று என்று நான்கு வெவ்வேறு கம்பெனி பிளேயர்களில் போட்டு அளந்தாயிற்று. 10ஆவது நிமிடத்தில் ஒலி 0.6 விநாடி முந்துகிறது. 30ஆவது நிமிடத்தில் 1.8. ஒரு மணி நேரத்தில் 3.6. படம் முடியும் 120ஆவது நிமிடத்தில் 7.2 விநாடி. நான்கிலும் இதே கணக்கு. பிளேயர் திணறினால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும், விட்டுவிட்டு வரும். இது வரப்புக் கயிறு பிடித்தாற்போல் நேராக வளர்கிறது. சந்தேகம் இருந்தால் கடைசிக் காட்சியில் இரும்புக் கதவு மூடும் இடத்தில் நிறுத்தி, ஆங்கில ஒலியையும் தமிழ் ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஆங்கிலத்தில் கதவும் சத்தமும் ஒன்றாக விழும். தமிழில் சத்தம் எப்போதோ கேட்டு முடிந்திருக்கும். கதவு அப்புறம்தான் அசையத் தொடங்கும்.

1,000 விநாடிக்கு 1 விநாடி என்ற விகிதத்தைப் பார்த்ததுமே இந்த வேலை தெரிந்தவர்களுக்குக் காரணம் பிடிபட்டுவிடும். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி விநாடிக்குச் சரியாக 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும். உங்கள் டிஸ்க்கில் படம் 23.976 ஃபிரேமில் இருக்கிறது. ப்ளூரேயில் அது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆங்கில ஒலியை அந்த வேகத்துக்குத் தகுந்தபடி நீட்டியிருக்கிறார்கள். தமிழ் ஒலியை மட்டும் தியேட்டருக்குச் செய்த 24 கணக்கிலேயே எடுத்து ஒட்டிவிட்டார்கள். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துச் சரிபார்த்தால் இது கண்ணில் படாது. கடைசி அத்தியாயத்தை ஒரு தடவை ஓட்டியிருந்தால் பட்டிருக்கும். மாற்று டிஸ்க்கை அனுப்பும் முன்பாவது யாராவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

ஒலி பிந்துவதைவிட முந்துவது கொடுமையானது. ஒலிபரப்புத் துறைக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கொடுத்திருக்கும் பரிந்துரையில், ஒலி 125 மில்லிவிநாடி பிந்தினால்தான் மனிதர் கவனிப்பார்கள், முந்தினாலோ 45 மில்லிவிநாடியிலேயே கவனித்துவிடுவார்கள் என்று இருக்கிறது. 90க்கு மேல் முந்தினால் ஏற்கத்தக்கதல்ல. அந்த 90ஐ உங்கள் டிஸ்க் ஒன்றரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை. கிரானைட் குவாரியில் வெடி வைத்தால் தூரத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தூசி முதலில் எழும், காதுக்குச் சத்தம் பிறகு வரும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 3 விநாடி கழித்து. பிறந்ததிலிருந்து அப்படிப் பழகிய மூளை அது. சத்தம் முதலில் வந்து தூசி பின்னால் எழும் உலகத்தில் அதனால் உட்கார்ந்திருக்க முடியாது. கடைசி அரை மணி நேரத்தில், கிணற்று மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் கிழவர் வாயைத் திறப்பதற்கு ஆறேழு விநாடி முன்பே “தண்ணி இருக்கு” என்று கேட்டுவிடுகிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்காக. அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே அது கைவிட்டுப் போய்விடுகிறது.

ஒலிபெருக்கிகளை இணைக்கும் பெட்டியான ரிசீவரில் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கலாமே என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. அது மாறாத இடைவெளிக்கு மட்டும் உதவும். பொதுவாக அரை விநாடிக்கு மேல் அதில் இடமும் இருக்காது. நிமிடத்துக்கு நிமிடம் வளரும் இடைவெளியை எந்த ரிசீவரும் துரத்திப் பிடிக்காது.

சரிசெய்யும் வழியோ சின்னது. தமிழ் ஒலியின் மூலக் கோப்பு 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகளாக, இருக்கும். அதை 47,952 ஹெர்ட்ஸ் என்று அடையாளம் மாற்றி, திரும்ப 48,000க்கு மறுமாதிரி எடுத்தால் 1,000க்கு 1 என்ற கணக்கில் நீண்டுவிடும். சுருதி இறங்குவது ஒரு அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. சங்கீதக்காரர் காதுக்கும் தெரியாது. தொடக்கம், 60ஆவது நிமிடம், முடிவு என மூன்று இடத்தில் கதவு, துப்பாக்கி, கைதட்டல் போல் வெடுக்கென்று வரும் ஒரு சத்தத்தைப் படத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ரீல் மாறும் இடங்களில் வெட்டு வித்தியாசம் இருந்தால் அங்கே தனியாகத் தள்ள வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை. செலவு புதிதாக மாஸ்டர் செய்து அச்சிடுவதில்தான் என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறோம்.

அச்சிடப் போகிறீர்கள் என்றால், கூடவே தமிழ் ஒலியை 5.1 ஆகவும் (சுற்றிலும் ஐந்து ஒலிபெருக்கி, அடி உறுமலுக்கு ஒரு சப்வூஃபர்) கொடுத்துவிடுங்கள். அட்டையின் பின்பக்கம் “தமிழ் 5.1” என்று போட்டிருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது விநாடிக்கு 192 கிலோபிட்டில் இரண்டு சேனல்; ரிசீவரின் முகப்பிலேயே தெரிகிறது. ஆங்கிலத்துக்கு இழப்பில்லாத 7.1. இரண்டு சேனலாகச் சுருக்கும்போது சப்வூஃபருக்கான தனி சேனலை வழக்கமாக விட்டுவிடுவார்கள். அதனால் மணற்புயல் வருமுன் தரை உறுமும் அந்த இருபது விநாடி தமிழில் வெறும் மௌனமாக இருக்கிறது. இந்த வகைப் படங்களில் பாதிக் கதையை ஒலிதான் சொல்லும். 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ வாங்கிய 6 ஆஸ்கார்களில் இரண்டு ஒலிக்காகக் கிடைத்தவை. டப்பிங்கில் மாறுவது பேச்சு மட்டும்தான். காற்றும் இசையும் உறுமலும் பேச்சில்லாத தனித் தடமாக வந்து சேர்ந்துவிடும். தியேட்டரில் தமிழ் 5.1இல் ஓடிய படம் இது. கலவை உங்கள் கையில் தயாராக இருக்கிறது. இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. 640 கிலோபிட்டில் இரண்டு மணி நேர 5.1 ஒலிக்கு 576 எம்பி போதும்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூசி மண்டிய செம்மஞ்சள் வானம் டிஸ்க்கில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 219 படிகள்தான். வானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குள் 20 படி மட்டும் மாறினால் ஒவ்வொரு பட்டையும் 96 பிக்சல் அகலம் வரும். படச்சுருளின் மணித்தன்மை, அதாவது பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள், அந்தப் படிகளை மறைத்துக் கலந்துவிடும். ஆனால் நீங்கள் 25 ஜிபி டிஸ்க்கில் அடக்குவதற்காகப் பிட் ரேட்டை (ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவை) சராசரி 18 மெகாபிட்டுக்கு இறக்க, அந்த மணிகளைத்தான் முதலில் துடைத்திருக்கிறீர்கள். முகங்கள் மெழுகு பூசினதுபோல் இருப்பதும் அதனால்தான். வெளிநாட்டில் 50 ஜிபி டிஸ்க்கில் வந்ததில் இதே வானம் கரைந்து கரைந்து போகிறது. அதை வரவழைத்துப் பார்க்கலாம் என்றால், டிஸ்க்குகளை நாடுவாரியாகப் பூட்டும் கணக்கில் அது மண்டலம் ஏ. நம் நாட்டுப் பிளேயர்கள் மண்டலம் சி. ஓடாது. ஓடினாலும் அதில் தமிழ் இல்லை.

தமிழ் ஒலி வேண்டாம், ஆங்கில ஒலியை வைத்துத் திரையின் கீழே வரும் தமிழ் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் அங்கேயும் வழி அடைத்திருக்கிறது. “கொண்டு”, “போகலாம்” போன்ற சொற்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் வந்து, நடுவில் ஒரு புள்ளி வட்டம் உட்கார்ந்திருக்கிறது. தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் தயாரித்தால் இப்படித்தான் வரும். ப்ளூரேயில் துணையெழுத்து வழக்கமாகப் படமாகத்தான் பதிகிறது; ஆகவே பிளேயரின் மீது இந்தப் பழியையும் போட முடியாது. தயாரித்த இடத்திலேயே உடைந்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

படத்தோடு டிஸ்க்கில் வரும் கூடுதல் இணைப்புகளில் இயக்குநரும் ஒலி வடிவமைப்பாளரும் பேசும் இரண்டு மணி நேர விளக்கவுரை இருக்கிறது. புயலின் ஓசையை எதையெல்லாம் உரசிச் செய்தார்கள் என்று விவரமாகச் சொல்கிறார்கள். அதற்கு எந்த மொழியிலும் எழுத்து இல்லை. அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒலிப்பதிவு கற்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பு. தமிழ்த் துணையெழுத்து சேர்த்தால் கூடுவது சில பத்து எம்பி. மேலே சொன்ன ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ படத்தின் கறுப்பு வெள்ளைப் பதிப்பை 2016இல் தனியாக ப்ளூரேயில் கொடுத்தார்கள். அவ்வளவு கேட்கவில்லை. இருப்பதைப் புரியும்படி கொடுங்கள் என்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு இந்த டிஸ்க்கில் ஒலியில் குறை கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பெரியவர்கள், ஆங்கிலம் பிடிபடாத பிள்ளைகள், தமிழில் கேட்டால்தான் உண்டு என்றிருப்பவர்கள், இவர்களுக்கு மட்டும்தான் அத்தனை கோளாறும். விலை எல்லோருக்கும் ஒன்றே. தமிழ்த் தடத்தைக் கடைசி நாளில் அவசரமாகச் சொருகும் பழக்கம் உங்களோடு தொடங்கியதும் அல்ல. வருடக்கணக்காக இதே கதை. டிஸ்க் விற்பனை குறைந்துவிட்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். கடன் வாங்கியாவது நல்ல டிஸ்க் வாங்கி வைக்கும் ஆட்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையே இப்படி நடத்தினால் வேறு யார் வாங்குவார்கள்?

விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அட்டையில் 5.1 என்று அச்சிட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அந்த வழியில் போக எங்களுக்கு விருப்பமில்லை. படம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தமிழில், முழுசாக, வீட்டில் உள்ள எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே திரும்பவும் பணிவோடு கேட்கிறோம். தமிழ் ஒலியை 23.976க்கு நீட்டி, 5.1இல், எழுத்துகளைத் திருத்தி, கூடுமானால் 50 ஜிபி டிஸ்க்கில் அச்சிட்டு மாற்றிக் கொடுங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் முடியாவிட்டால் ஒலி ஒத்துப்போவதை மட்டுமாவது முதலில் செய்யுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மாதிரி டிஸ்க்கை எங்களுக்கு அனுப்பினால் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம்வரை பார்த்து, நிமிடக் கணக்கோடு குறிப்பு எழுதித் தருகிறோம். அதற்குக் கூலி வேண்டாம். பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லும் கடிதம் மட்டும் இனி வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிய
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ரசிகர்கள்