கேபிளுக்கு வாய் கிடையாது

மண்டபம்,
18.7.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கட்டுப் பிரித்த மறுநாளே பேப்பர் கேட்டார்கள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் நிம்மதி. இங்கே கச்சான் காற்று பலமாக இருக்கிறது. கடை வாசலில் காலையில் கூட்டிய மணல் மத்தியானத்துக்குள் மறுபடி வந்து குவிந்துவிடுகிறது. தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகுகள் போய்வருகின்றன. அந்த இரண்டு மாதமும் எனக்குக் கல்யாண வீடியோ வேலை தலைக்கு மேல் இருந்தது. இப்போது ஆடி பிறந்துவிட்டதால் உட்கார்ந்து கடிதம் எழுத நேரம் இருக்கிறது.

மருமகன் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும், அதற்குக் கார்டையும் மதர்போர்டையும் இணைக்கிற ரைசர் கேபிள் எது வாங்குவது, மாட்டினால் படம் வராமல் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்களே என்று எழுதியிருந்தாய். அந்தப் பயத்தை நான் முழுசாக அனுபவித்தவன். அதனால் முதலில் என் கதை.

போன வருஷம் மே மாதம் கடைக் கம்ப்யூட்டருக்குப் புதுக் கேபினெட், அதாவது வெளிப்பெட்டி, வாங்கினேன். பழையதில் கார்டு படுத்தவாக்கில் இருந்து கனத்தில் முனை சரிந்துவிட்டது. புதியதில் கார்டை நிறுத்தி வைக்கத் தாங்கியும், கூடவே ஒரு ரைசர் கேபிளும் இருந்தன. என் மதர்போர்டு பி550, பிராசஸர் ரைசன் 5 5600, கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் சிக்னல் இல்லை. மதர்போர்டின் ஓரத்தில் வரிசையாக நாலு குட்டி விளக்கு இருக்கும் பார், அதில் விஜிஏ என்று எழுதியது மட்டும் வெள்ளையாக எரிந்துகொண்டே இருந்தது. தங்கச்சிமடத்துக் கல்யாண வீடியோ ஒன்றை மூன்று நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். பெண்ணின் அண்ணன் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகும்போது கையோடு கொண்டுபோகப் போகிறார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கேபினெட்டைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் ராமநாதபுரம் கொண்டுபோனேன். அங்கே ஒரு கடையில் பார்த்துவிட்டு, கார்டு போய்விட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். ரேமைக் கழற்றி மாட்டினார்கள், பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார்கள். அந்த ரைசர் கேபிளை மட்டும் யாரும் கழற்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அது வெறும் வயர்தானே என்று. ராத்திரி வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல், கேபிளை எடுத்துவிட்டுக் கார்டைப் பழையபடி நேரே போர்டில் சொருகினேன். படம் வந்துவிட்டது. என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன் மாப்பிள்ளை.

அப்போ கேபிள் கெட்டுப்போனதா என்றால், அதுவும் இல்லை. இதைத்தான் மருமகன் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுவிட்ச் போட்டவுடன் கார்டும் போர்டும் தங்களுக்குள் பேசி, எந்த வேகத்தில் தகவலை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்கின்றன. அவை பேசிக்கொள்ளும் வழிக்குப் பிசிஐஇ என்று பெயர். 2010-ல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில் ஒரு தடத்தில் நொடிக்கு 800 கோடி முறை சிக்னல் போகும். 2017-ல் வந்த நான்காம் தலைமுறையில் அது இரட்டிப்பு, 1600 கோடி. இதைத்தான் ஜென் 3, ஜென் 4 என்கிறார்கள். என் கார்டும் ஜென் 4, போர்டும் ஜென் 4. இரண்டும் பேசி ஜென் 4 என்று முடித்துக்கொண்டன. நடுவில் இருந்த கேபிளோ ஜென் 3 வேகத்துக்குச் செய்தது. கேபிளுக்கு வாய் கிடையாது. என்னால் இவ்வளவுதான் தாங்க முடியும் என்று அதனால் சொல்ல முடியாது. அந்த வேகத்தில் சிக்னல் வழியிலேயே கலங்கிப்போகிறது, படம் வருவதில்லை.

கார்டு நேரே போர்டில் இருக்கும்போதே பயாசுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், கார்டைச் சொருகும் எக்ஸ்16 (பதினாறு தடம்) ஸ்லாட்டின் வேகம் 'ஆட்டோ' என்று இருந்ததை 'ஜென் 3' என்று மாற்றிச் சேமித்தேன். பிறகு மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு ரைசரை மாட்டினேன். படம் வந்து நிலைத்தது. வேகம் குறைந்ததே என்று மனசு அடித்துக்கொண்டதால் ஒரே தாலிகட்டுக் காட்சியை இரண்டு விதமாகவும் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை, போட்டுப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. கல்யாணமும் சொன்ன நாளில் கைக்குப் போனது.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். நவம்பரில் ஒருநாள் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, காலையில் மறுபடி கறுப்புத் திரை. இந்த முறை பதறவில்லை. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, நான் வைத்த அமைப்பு அழிந்து, ஸ்லாட் திரும்ப 'ஆட்டோ'வுக்குப் போயிருந்தது. பயாசை அப்டேட் செய்தாலும் இப்படி ஆகலாம். என் 5600-ல் படம் காட்டும் வசதி கிடையாது என்பதால் ஒவ்வொரு முறையும் கார்டைக் கழற்றி நேரே போர்டில் போட்டால்தான் பயாசைப் பார்க்க முடியும். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர் என்றால் மானிட்டர் வயரைப் போர்டின் பின்பக்கம் சொருகினால் போதும்.

மூன்றாவது தொல்லை எங்கள் ஊர்த் தொல்லை. வாடை ஆரம்பித்து வடகடல் கொந்தளிக்கிற நாட்களில் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்து நக்கினால் உப்புக் கரிக்கும். டிசம்பரில் ரெண்டர் பாதியில் நிற்க ஆரம்பித்தது. திரை ஒரு நொடி இருண்டு திரும்பும். விண்டோசின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் டபிள்யூஎச்இஏ லாகர், எண் 17 என்று வரிசை வரிசையாக நிற்கிறது. வன்பொருளில் பிழை வந்தது, திருத்திக்கொண்டேன் என்று கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் குறிப்பு அது. கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையில் ஒரு ஓரத்தில், பித்தளைச் செம்பில் படியுமே, அதே பச்சைக் களிம்பு, ஊசிமுனை அளவு நாலைந்து புள்ளி. தங்கத்தை உப்பு தின்னாது. முலாம் மெல்லிசு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியாக அடியில் இருக்கும் உலோகத்தை உப்பு ஈரம் பிடித்துவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டினேன். பிழைகள் குறைந்தன, முழுக்கப் போகவில்லை. தவிர அந்தக் கேபிள் 30 சென்டிமீட்டர் நீளம், மிச்ச நீளத்தை நான் பாய் மடிக்கிற மாதிரி மடித்து அழுத்தி வைத்திருந்தேன். அந்த மடிப்பும் அதைக் கெடுத்திருக்கும். பொங்கலுக்கு முன்னால் 20 சென்டிமீட்டரில் ஒரு ஜென் 4 கேபிள் வாங்கினேன். அன்றிலிருந்து ஸ்லாட் 'ஆட்டோ'விலேயே இருக்கிறது, எண் 17 ஒன்றுகூட இல்லை.

உப்பு என்றதும் பாம்பன் பாலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நாம் படித்த காலத்தில் வாசலில் தொங்கிக்கொண்டு போன அந்த 1914-ஆம் வருஷத்துப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். இந்த ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புகிறது. உள்ளே துருப்பிடிக்காத கம்பி, மேலே பாலிசிலாக்சேன் என்ற பூச்சு. அவ்வளவு பெரிய இரும்புக்கே இந்தக் காற்றில் அத்தனை பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்றால் ஒரு மயிரிழை முலாம் என்ன செய்யும். திருச்சியில் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை, வெயில்தான்.

சரி, மருமகனுக்கு என்ன வாங்குவது? போர்டு பி450, கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 என்று எழுதியிருந்தாய். அப்படியானால் பாதிப் பயத்தை விட்டுவிடச் சொல். பி450-ல் ஜென் 3-க்கு மேல் கிடையாது. கார்டு ஜென் 4 ஆக இருந்தாலும் போர்டு கேட்கிற வேகத்துக்கு இறங்கி வந்துவிடும். எனக்கு நடந்த கறுப்புத் திரை அவனுக்கு அந்தக் காரணத்தால் நடக்காது. ஜென் 3 கேபிளே போதும். ஆனாலும் நான் ஜென் 4-ஐத்தான் வாங்கச் சொல்வேன். நாளைக்குப் போர்டை மாற்றினால் அதே கேபிள் உதவும், பழைய வேகத்திலும் அது ஒழுங்காக ஓடும். ஜென் 5 என்று விலை கூட்டி விற்பது அவனுக்கு வேண்டாம், 4060 அந்த வேகத்துக்குப் போகவே போகாது.

நீளம் எவ்வளவு என்று கண் மதிப்பில் முடிவு செய்ய வேண்டாம். ஸ்லாட்டிலிருந்து தாங்கி வரைக்கும் கேபிள் வளைந்து போகிற வழியிலேயே ஒரு நூலைப் பிடித்து, அந்த நூலை அளந்தால் சரியாக வரும். நீளம் கூடக்கூட சிக்னல் வலுவிழக்கும், அதனால் எட்டுகிற அளவில் மிகச் சின்னது. கார்டு பக்கத்துச் சாக்கெட் நேராக இருக்கிறதா, 90 டிகிரி திரும்பியிருக்கிறதா என்று கேபினெட்டின் தாங்கியைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதைத் தப்பாக வாங்கிவிட்டால் திருகே உட்காராது. பிட்காயின் தோண்டுகிறவர்கள் வைத்திருந்த, யுஎஸ்பி வயர் மாதிரி இருக்கும் சின்ன ரைசர் மலிவாகக் கிடைக்கும், அதைத் தொடவே வேண்டாம். அதில் பதினாறுக்குப் பதில் ஒரே ஒரு தடம். ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ரகம் என்றால், அந்த முனை அவ்வளவு கரண்டுக்குச் செய்யப்படாததால் உருகும் ஆபத்தும் உண்டு.

மின்சாரம் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை போகலாம். அது அத்தனையும் இந்தக் கேபிளில்தான் பாய்கிறது. 2021-ல் என்இசட்எக்ஸ்டி கம்பெனி எச்1 என்ற தன் கேபினெட்டை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. ரைசரை இறுக்கும் உலோகத் திருகு மின்தடத்தைத் தொட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். அதனால் எந்தத் திருகும் ரைசரின் மின்தடத்தைத் தொடவில்லை என்று பார்த்துவிட்டு இறுக்கச் சொல். உறை கிழிந்த கேபிளை டேப் சுற்றி ஓட்டவும் வேண்டாம், குப்பையில் போட்டுவிடு.

மாட்டும்போது போர்டுப் பக்கம் 'டக்' என்று கிளிப் பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். கார்டுப் பக்கம்தான் ஏமாற்றும். கார்டைக் கேபினெட்டோடு திருகி இறுக்கும்போது அடியில் சாக்கெட் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்துவிடும், வெளியில் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். முதலில் லேசாகத் திருகி, கார்டைக் கையால் அமுக்கி உட்காரவைத்து, பிறகு இறுக்கச் சொல். ஓடிய பிறகு ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமில் எத்தனை தடம், எந்த வேகம் என்று பார்க்கட்டும். சும்மா இருக்கும்போது வேகத்தை 1.1, அதாவது முதல் தலைமுறை, என்று காட்டும், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது அது. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அமுக்கிச் சோதனையை ஓடவிட்டால் எக்ஸ்8, 3.0 (எட்டுத் தடம், ஜென் 3) என்று ஏற வேண்டும். எக்ஸ்16 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம், 4060-க்கே எட்டுத் தடம்தான். நாலு, ஒன்று என்று காட்டினால்தான் சாக்கெட் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஏதாவது சந்தேகம் வந்தால் எடுத்த எடுப்பில் கேபிளை நீக்கிவிட்டுக் கார்டை நேரே போட்டுப் பார்க்கட்டும். நான் ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்ததை அவன் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொன்று. செங்குத்தாக நிறுத்தினால் கார்டின் காற்றாடி பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து நிற்கும். இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இல்லையென்றால் உங்கள் ஊர் வெயிலில் கார்டு மூச்சுத் திணறும். கார்டு சரிகிறது என்பது மட்டும்தான் கவலையென்றால் கீழே ஒரு முட்டுக் கொடுத்தால் போதும், கேபிளே தேவையில்லை. அழகுக்காகத்தான் என்றால் அதுவும் நல்ல ஆசைதான், வாங்கிக்கொடு. என் கார்டு கண்ணாடிக்குள் நிமிர்ந்து நிற்பதைக் கடைக்கு வருகிற பிள்ளைகள் குனிந்து பார்க்கும்போது எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

அந்தப் பழைய ஜென் 3 கேபிளைச் சுத்தம் செய்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்திருக்கிறேன். இடம் சரியாக வருகிறதா என்று வைத்துப் பார்க்க மட்டும் மருமகன் எடுத்துக்கொள்ளட்டும், ஓட்டுவதற்கு வேண்டாம். தபாலில் அனுப்பவில்லை, நீங்களே வாருங்கள். திருச்சியிலிருந்து ரயில் இப்போது பாலம் தாண்டி நேரே ராமேஸ்வரம் வருகிறது. அம்மாவுக்குக் கண் ஆறியதும் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. கேபினெட்டின் உட்பக்கத்தைப் போட்டோ எடுத்து, தாங்கியில் திருகு ஓட்டைகள் தெரிகிற மாதிரி முன்கூட்டியே அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்