‘பீப்’ அடித்தால் தூய்மையா? நகை வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கற்களைச் சோதிப்பதே எங்கள் வேலை. ஏழு கல் தோடு ஒன்றோடு அதன் பில்லும் எங்கள் மேசைக்கு வந்தது. ‘வைரம் 14. டெஸ்டரில் சரிபார்க்கப்பட்டது. தூய்மை 100%’ என்று அச்சடித்திருக்கிறார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வாசகம் உங்களுக்கும் புதிதல்ல. கல் மண்ணில் விளைந்ததா, மெஷினில் விளைந்ததா என்பது மட்டும் அதில் இல்லை.

பேனா டெஸ்டர் பார்ப்பது வெப்பத்தை மட்டும். சூடான முனை தொட்டதும் கல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழுக்கிறது என்று அளந்து, வைரம் என்று பட்டால் ‘பீப்’ என்று கூவும். வைரம் செம்பைவிட நான்கைந்து மடங்கு நன்றாக இழுக்கும். அமெரிக்கன் டைமண்டைப் பிடித்துக் கொடுக்க இது போதும். வைரம்போலவே சூட்டை இழுக்கும் செயற்கைக் கல்லான மாய்சனைட்டிடம் ஏமாந்துவிடும். சிறிய கல்லைச் சூடு ஆறுவதற்குள் மறுபடி தொட்டால் தப்பாகக் காட்டும். மெஷினில் வளர்த்த லேப் வைரத்துக்கோ தாராளமாகக் கூவும், அதுவும் அசல் கார்பன்தானே.

‘தூய்மை’ என்ற சொல்லில்தான் பெரிய குழப்பம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்து விவிஎஸ், எஸ்ஐ என்று போடுவது உள்ளே இருக்கும் புள்ளி, கீறலைப் பற்றிய தரம். வேதியியல் தூய்மை வேறு. இயற்கை வைரங்களில் சுமார் 95 சதவீதம் ‘ஒன்று-ஏ’ வகை: கார்பனுக்கு நடுவே நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் சேர்ந்திருக்கும். தனித்தனியாக நுழைந்த நைட்ரஜன் அப்படிக் கூடுவதற்குப் பூமியின் ஆழத்துச் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்க வேண்டும். மெஷினுக்குள் மீத்தேனும் ஹைட்ரஜனும் விட்டு, சில வாரங்களில் வளர்க்கும் சிவிடி என்ற லேப் கல்லுக்கு அந்த அவகாசம் ஏது? அது பெரும்பாலும் நைட்ரஜன் அளவிட முடியாத ‘இரண்டு-ஏ’ வகையாகவே இருக்கும். நீங்கள் ‘100% தூய்மை’ என்று எழுதும்போது, வேதியியல்படி சந்தேகத்துக்குரிய கல்லுக்கே முதல் மார்க் போடுகிறீர்கள். நம்மூரில் நீலச்சாயல் வைரத்தை ப்ளூ ஜாகர் என்று தேடி வாங்குகிறார்களே, புற ஊதா ஒளியில் தெரியும் அந்த நீலமே மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து தரும் ஒளி.

இரண்டு-ஏ என்றாலே லேப் என்று சொல்லவில்லை. 1905இல் கிடைத்த 3,106 கேரட் கல்லினன் என்ற இயற்கை வைரமும் இரண்டு-ஏ தான். அதனால்தான் முதற்கட்டமாகப் பிரிக்கும் ஸ்கிரீனிங் மெஷின், குறுகிய அலை புற ஊதாவை ஊடுருவ விடும் இரண்டு-ஏ கல்லைத் தனியே ஒதுக்குகிறது, தீர்ப்புச் சொல்வதில்லை. ஒதுங்கிய கல்லைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, லேசர் ஒளியில் 737 நானோமீட்டரில் சிவிடி கல்லில் அடிக்கடி தெரியும் சிலிக்கான் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பது சோதனைக்கூடத்தின் வேலை.

இனி அந்தத் தோட்டுக்கு வருவோம். கற்களைப் பின்புறம் மூடிக் கட்டியிருந்தார்கள். ஒளி ஊடுருவ வழியில்லை. இருட்டறையில் 365 நானோமீட்டர் டார்ச் அடித்தோம். இயற்கைக் கற்கள் என்றால் ஒன்று பளிச்சென நீலம், ஒன்று மங்கல், ஒன்று சும்மா என்று கலந்து தெரிவதே வழக்கம். இங்கே பதினாலும் ஒரே மாதிரி ஒளிராமல் செத்துக் கிடந்தன. இது ஆதாரமல்ல, சந்தேகம் மட்டுமே. உறுதி செய்ய வேண்டுமானால் பதினாலு கல்லையும் கழற்ற வேண்டும். தங்கம் வளையும், விளிம்பு தெறிக்கலாம், மறுபடி கட்டக் கூலி வேறு. மண்ணில் விளைந்ததா, மெஷினில் விளைந்ததா என்று கேட்டதற்கு வாங்கியவர் தன் தோட்டையே உடைக்க வேண்டுமாம்! அதே கற்கள் உங்கள் தட்டில் உதிரியாகக் கிடந்தபோது ஸ்கிரீனிங் சில விநாடிகளில் முடிந்திருக்கும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு கல்லையும் ஸ்கிரீனிங் செய்து, முடிவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

அரை கிராம் தங்கத்துக்கு மில்லி சுத்தமாக எடை போடுகிறோம். 916 பார்க்கிறோம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான ஹெச்யூஐடி அடிக்கிறோம். அந்த முத்திரை கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது என்பதை எந்த அட்சய திரிதியை விளம்பரத்திலாவது பார்த்ததுண்டா? தங்கத்துக்கு முத்திரை, வைரத்துக்கு ‘பீப்’!

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லேப் வைரம் விற்பதில் தவறே இல்லை. லேப் என்று எழுதி விற்கட்டும். உறுப்பினர் கடைகளுக்குத் தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ‘தூய்மை 100%’ என்ற வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட்டால் போதும்: ‘கல் 14, இயற்கை / லேப், கட்டும் முன் ஸ்கிரீனிங் செய்யப்பட்டது, மேல்சோதனைக்குப் போனவை எத்தனை, முடிவு என்ன.’

இப்படிக்கு,
ரத்தினப் பரிசோதகர்கள் சிலர்